மேசை ரம்பத்துடன் நான்கரை ஆண்டுகள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில், மேசையின் நடுவே எழுந்து சுற்றும் பிளேடில் மரத்தைத் தள்ளி அறுக்கும் 10 அங்குல மேசை ரம்பம் ஒன்றை 2021 பிப்ரவரி முதல் பயன்படுத்தி வருகிறேன். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுவது என் தொழில். மரவேலை மாலை ஏழு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் விரும்பிச் செய்வது. இதுவரை இரண்டு கட்டில்கள், ஒரு சமையலறை அலமாரி, உறவினர் வீடுகளுக்குப் பல முக்காலிகள் என்று செய்திருக்கிறேன். மெஷின் எவ்வளவு நேராக அறுக்கிறது என்பதை வாங்கிய ஒரு மாதத்திலேயே சொல்லிவிடலாம். அதன் பாதுகாப்புப் பாகங்களில் எது நாள்பட மெஷினிலேயே நிற்கிறது, எது கழற்றப்பட்டு மூலைக்குப் போகிறது என்பதைச் சொல்லத்தான் ஆண்டுகள் தேவைப்படுகின்றன. நான் எழுத நினைப்பது அதைப் பற்றித்தான்.

இந்த மெஷினுக்கு முன் என்னிடம் இருந்தது, எங்கள் பக்கத்தில் பலரும் தொடங்குகிற அதே ஏற்பாடு: ப்ளைவுட் பலகையில் துளையிட்டு, 4 அங்குல மார்பிள் கட்டரில் 110 மி.மீ. மரம் அறுக்கும் பிளேடைப் பூட்டி, அதைத் தலைகீழாக அடியில் முடுக்கிய மேசை. அப்படி முடுக்குவதற்குக் கட்டரின் காப்பு மூடியைக் கழற்றியாக வேண்டும். சுவிட்சை அமுக்கிய நிலையிலேயே பூட்டியும் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றும் அந்தச் சிறு பிளேடின் பற்கள் மணிக்குச் சுமார் 270 கி.மீ. வேகத்தில் போகின்றன. ஒரு மாலை அறுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பிளேடு நின்றதும், இடுக்கில் சிக்கியிருந்த சிம்பையும் தூளையும் பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. பூட்டிய சுவிட்ச் பூட்டியபடியே இருந்ததால் பிளேடு சுற்றத் தொடங்கி, பிரஷ்ஷின் முனையை அரைத்துத் தள்ளிவிட்டது. என் ஆள்காட்டி விரல் அதற்கு மூன்று அங்குலத்துக்கு இப்பால் இருந்தது. அன்றிரவே அந்த மேசையைப் பிரித்துவிட்டேன்.

ஆகவே இப்போதுள்ள மெஷினில் நான் முதலில் பாராட்டுவது அதன் சுவிட்சைத்தான். கரண்ட் போனால் பச்சைப் பொத்தான் தானே விடுபட்டுவிடும். கரண்ட் திரும்பினாலும் நாமாக அமுக்கும் வரை மோட்டார் ஓடாது. நாளுக்கு இரண்டு முறை மின்தடை வருகிற ஊரில் இதைவிட முக்கியமான பாகம் ஒன்றோ இரண்டோதான் இருக்க முடியும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: மெஷினை ஓடவிட்டு, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, பிளேடு முழுவதும் நின்ற பிறகு மீண்டும் போடச் சொல்லுங்கள். மெஷின் தானாக ஓடத் தொடங்கினால் அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது பிளேடின் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப். அதைப் பின்தகடு என்று சொல்கிறேன். மேசை ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் உள்முறுக்கால் சேர்ந்துகொண்டாலோ, மரத்தை நேராக வழிநடத்தும் பக்கச்சட்டமான ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையில் இறுகினாலோ, எழுகின்ற அந்தப் பற்கள் மரத்தைத் தூக்கி நம் பக்கம் எறிகின்றன. கிக்பேக் என்பது இதுதான். 3,650 சுற்று வேகமுள்ள என் மெஷினில் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 175 கி.மீ.; மரமும் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் புறப்படும். மரம் வந்து மோதுவது ஒரு ஆபத்து என்றால், அழுத்திக்கொண்டிருந்த கை அடியில் மரம் இல்லாமல் பிளேடின் மேல் விழுவது அதைவிடப் பெரிய ஆபத்து. பின்தகடு அறுப்புத் தடத்துக்குள் நின்று மரம் சேர்ந்துகொள்ளாமலும், எழும் பற்களை மரம் தொடாமலும் பார்த்துக்கொள்கிறது.

இதையெல்லாம் அறிந்திருந்தும் 2022 ஜூலையில் அந்தத் தகடு இல்லாமல் அறுத்தேன். இழுப்பறையின் அடிப்பலகை உட்காரப் பள்ளம் எடுக்க வேண்டியிருந்தது. என் மெஷினில் பின்தகடு பிளேடைவிட உயரமானது. மரத்தை முழுதாக ஊடுருவாத அறுப்புக்கு அதைக் கழற்றியே ஆக வேண்டும். ஆலன் கீ, இரண்டு திருகாணி, பிளேடைச் சுற்றி மேசையில் பதிந்திருக்கும் நடுத்தகட்டைத் தூக்குவது, திரும்ப மாட்டும்போது பிளேடோடு நேர்கோட்டில் நிறுத்துவது என்று நான்கைந்து நிமிட வேலை. பள்ளம் எடுத்த பிறகு நாளைக்கு மாட்டலாம் என்று விட்டேன். இரண்டு வாரம் ஓடிவிட்டது. காய்ப்பு ஓய்ந்ததென்று வெட்டிய மாமரத்தின் பலகை கிடைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பலகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாதி உலர்ந்த மாம்பலகையின் உள்முறுக்கு அறுக்கும்போதுதான் வெளிப்படும். முக்கால் பங்கு அறுத்திருந்தேன். பலகையின் இரு பாதிகளும் பிளேடுக்குப் பின்னால் சேர்ந்தன. சத்தம் மாறியதைக் கேட்டது நினைவிருக்கிறது. அடுத்த நொடியில் பலகை என் இடது அடிவயிற்றில் இறங்கி, பின்சுவரில் போய் மோதியது. ஸ்கேனில் உள்காயம் இல்லை என்றார்கள். கன்றிய தழும்பு மறைய ஒன்றரை மாதம் ஆயிற்று. நான் பிளேடின் நேர்கோட்டிலேயே நின்றிருந்தேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஓரடி இடப்புறம் தள்ளி நின்றிருந்தால் பலகை என்னைக் கடந்து போயிருக்கும்.

தகட்டை மாட்டாமல் விட்டது என் தவறு. ஆனால் மாட்டுவதற்கு இவ்வளவு நேரம் எடுக்கும் அமைப்பு இந்த மெஷினின் மிகப் பெரிய குறை என்பதும் என் உறுதியான கருத்து. கருவி எதுவும் இல்லாமல், ஒரு நெம்புகோலை விடுத்துத் தகட்டைப் பிளேடின் உச்சிக்குக் கீழே இறக்கிக்கொள்ளும் மெஷின்கள் விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் பள்ளம் எடுக்கும்போதும் தகடு தன் இடத்திலேயே நிற்கும். நான் செய்த மாற்று ஏற்பாடு, பள்ளம் எடுக்கும் வேலையையே இந்த மெஷினிலிருந்து நீக்கி, அதற்கென்று ஒரு சிறு ட்ரிம்மர் ரூட்டர் வாங்கியது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளாகப் பிளேடு மாற்றும்போது தவிர தகடு கழன்றதில்லை.

பிளேடு மாற்றும்போது கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பின்தகடு பிளேடின் உடல் கனத்தைவிடத் தடித்தும், பல் அறுக்கும் தடத்தைவிட மெலிந்தும் இருக்க வேண்டும். என் தகட்டின் கனம் 2.2 மி.மீ.; மோட்டாருக்குச் சுமை குறையும் என்று கடையில் கொடுத்த பிளேடின் தடம் 1.8 மி.மீ. மரம் தகட்டில் முட்டி நின்றது. இந்த இடத்தில்தான் பலர் தகட்டைக் கழற்றி எறிகிறார்கள் என்று நினைக்கிறேன். கழற்ற வேண்டியது பிளேடைத்தான்; 2.6 மி.மீ. தடமுள்ள பிளேடுக்குத் திரும்பினேன். பிளேடைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொள்கிறேன்.

பிளேடை மேலிருந்து மறைக்கும் மேல்மூடியைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. தூள் படிந்து மூன்றாவது அறுப்பிலேயே உள்ளே ஒன்றும் தெரியாமல் போகிறது. இரண்டு அங்குலத்துக்குக் குறைவான சட்டம் அறுக்கையில் தள்ளுகோலுக்கு இடம் விடுவதில்லை. ஆயினும் அகலமான அறுப்புகளுக்கு அதைப் போட்டே அறுக்கிறேன், ஏனெனில் பிளேடின் மேலாகக் கையை நீட்டி அந்தப் பக்கத்துத் துண்டை எடுக்கும் பழக்கத்தை அது ஒன்றுதான் தடுக்கிறது. மெஷினோடு வந்த மெல்லிய பிளாஸ்டிக் தள்ளுகோல், மரத்தின் வாலை மட்டும் தள்ளி முன்பகுதியை எழவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கழிவு ப்ளைவுட்டில், அடி நீண்டு குதியில் ஒரு படி வைத்த தள்ளுகட்டைகள் ஐந்தாறு செய்து மாட்டியிருக்கிறேன். அவை அறுபடத்தான் செய்யும். அறுபட்டால் எரித்துவிட்டு வேறு செய்துகொள்ளலாம். பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம் மட்டும் மரத்துக்கு மேலே தெரியும் அளவுக்குப் பிளேடை உயர்த்துகிறேன். கையுறை, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு, மணிக்கட்டில் கயிறு எதுவும் மெஷின் அருகே வருவதில்லை.

சந்தைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மூத்த ஆசாரி ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. பலகை வாங்கப் போனபோது தயங்கித்தான் கேட்டேன். "கடைசித் துண்டு சார். அது ஒண்ணை அறுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சேன்," என்றார். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். எனக்குக் கை நழுவிய தருணங்களை அன்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒன்பது மணியை ஒட்டியவை. இப்போது எட்டரைக்கு மெஷினை அணைத்துவிட்டு, உப்புக்காகிதம் தேய்ப்பது, பசை போடுவது போன்ற வேலைகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

விரல் பட்டவுடன் பிளேடை நிறுத்தும் மெஷின்களைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். 1999-இல் ஸ்டீபன் காஸ் என்னும் இயற்பியலாளர் உருவாக்கிய சாஸ்டாப் நுட்பத்தில், பிளேடில் ஓடும் சிறு மின் சமிக்ஞை உடல் பட்டதும் மாறுகிறது; அலுமினியக் கட்டை ஒன்று பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லி நொடிக்குள் பிளேடை நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் மேசை ரம்பத்தின் பிளேடு பட்டுக் காயமடைவதாக அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிடுகிறது. அந்த அளவோடு பார்த்தால் இது பெரும் கொடை. ஒருமுறை இயங்கினால் கட்டையையும் பெரும்பாலும் பிளேடையும் மாற்ற வேண்டும். ஈரமான மரம் பட்டும் இயங்கிவிடலாம் என்பதால் மில்லிலிருந்து நேராக வரும் பச்சை மாம்பலகையை அதில் வைக்க முடியாது. என் மெஷினில் அது இல்லை. கிக்பேக்கை அது தடுப்பதும் இல்லை. அதற்கு அங்கும் பின்தகடுதான்.

கொட்டகைச் சுவரில் 108 என்ற எண்ணையும், அறுந்த விரலை நுண்ணறுவை மூலம் இணைக்கும் வசதியுள்ள மருத்துவமனையின் எண்ணையும் பெரிதாக எழுதியிருக்கிறேன். எல்லா மருத்துவமனையிலும் அந்த வசதி இருக்காது. முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிப்பது, துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைப்பது, ஐஸை நேரடியாக அதன்மேல் வைக்காமலிருப்பது ஆகியவற்றை என் மனைவிக்கும் மகளுக்கும் செய்து காட்டியிருக்கிறேன்.

இந்த மெஷினை மாற்றும் எண்ணம் இருப்பதால், போன மாதம் கிருஷ்ணகிரியில் இரண்டு கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் விற்பனையாளர் நெம்புகோலை விடுத்துப் பின்தகட்டை இறக்கிக் காட்டப் பத்து நொடிகூட ஆகவில்லை. இரண்டாவது கடையில் வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்கென்றே வைத்திருந்த மெஷினில் தகடு இல்லை. கேட்டதும் மேசைக்கு அடியில் தேடி எடுத்தார். அது வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமலேயே இருந்தது.