எழுத்தாளர்களுக்கான ஆங்கில இதழ்கள்: எதற்குச் சந்தா கட்டலாம்?

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறவர்களும் இந்த இதழ்களைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துத் தேர்வு செய்வது நல்லது. முன்பக்கத்தில் வரும் உரையாடல் எழுதுவது, முதல் அத்தியாயம் தொடங்குவது போன்ற நுட்பக் கட்டுரைகள் எல்லா இதழிலும் உண்டு. இரண்டு வருடம் விடாமல் வாங்கினால் அதே சரக்கு வேறு தலைப்பில் திரும்பி வருவது தெரிந்துவிடும். அதற்கு நான்கு பழைய இதழ்களே போதும். புதிதாக வாங்க வேண்டியது பின்னால் வரும் பரிசு, போட்டி அறிவிப்பு போன்ற தொழில் பக்கங்களுக்காகத்தான்.

அமெரிக்காவின் போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் இருமாத இதழ். கவிதை, இலக்கியப் புனைவு, மொழிபெயர்ப்பு என்றால் இதுதான். பரிசு, நிதிநல்கை அறிவிப்புகளில் கடைசி தேதி, நுழைவுக் கட்டணம், தகுதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். முதலில் தகுதியைப் படியுங்கள். 'அமெரிக்காவில் வசிப்பவர்கள் மட்டும்' என்ற ஒரு வரி பாதிப் பட்டியலை நமக்கு இல்லாமல் ஆக்கிவிடும். அடுத்தது கட்டணம். ஒரு போட்டிக்கு 20, 25 டாலர் சாதாரணம். ஐந்து போட்டிக்கு அனுப்பினால் இதழின் வருடச் சந்தாவைத் தாண்டிவிடும்.

1920-இல் தொடங்கிய ரைட்டர்ஸ் டைஜஸ்ட் வெகுஜன நாவல், துப்பறியும் கதை, கட்டுரை எழுதி விற்க நினைப்பவர்களுக்கு. எழுத்தாளர் சார்பில் கைப்பிரதியைப் பதிப்பகத்திடம் விற்றுத்தரும் ஏஜென்டுக்கு எழுதும் ஒரு பக்க அறிமுகக் கடிதத்தை வரிவரியாகப் பிரித்துக் காட்டும் கட்டுரைகள்தான் இதன் பலம். தமிழ்ப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறவருக்கு இது வீண். இங்கே கைப்பிரதி நேராகப் பதிப்பாளரிடம் போகிறது. நடுவில் 15 சதவீதம் கமிஷன் வாங்க ஏஜென்ட் இல்லை. படித்துப் பார்ப்பதற்கே பணம் கேட்கும் ஏஜென்டை எந்த நாட்டிலும் நம்ப வேண்டாம். விளம்பரப் பக்கங்களிலும் இதே கண்ணோடு இருங்கள். எழுத்தாளரிடமே காசு வாங்கிப் புத்தகம் போடும் கம்பெனிகள் குடியிருப்பது அங்கேதான்.

லண்டன் ஏஜென்டுகளைக் குறிவைத்தால் அமெரிக்க இதழின் யோசனை கொஞ்சம் தடம் மாற்றும். அமெரிக்காவில் பெரும்பாலும் கடிதம் முதலில். பிரிட்டனில் கடிதத்தோடு கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் சேர்ந்து போவது வழக்கம். அந்த ஊருக்கு மாத இதழான ரைட்டிங் மேகசின் சரி. பெண் எழுத்தாளர்களுக்கு 1999 முதல் வரும் காலாண்டிதழ் எம்ஸ்லெக்சியா. அறிவியல் புனைவுக்கு லோகஸ் என்ற அமெரிக்க இதழ் போதும்.

அச்சு இதழா, டிஜிட்டலா? யோசிக்கவே வேண்டாம், டிஜிட்டல்தான். இதழ் தயாராகி அச்சாகவே வாரக்கணக்கில் ஆகிறது. அதற்கு மேல் கடல் கடந்து தபாலில் வந்து சேரும்போது பாதி கடைசி தேதிகள் போயிருக்கும். கிடைத்த அன்றே தேதிகளை நாட்காட்டியில் ஏற்றிவிட்டு, அனுப்பும் முன் அந்தந்த அமைப்பின் தளத்தில் மறுபடி சரிபாருங்கள். பழைய இதழில் பார்த்த ஏஜென்ட் வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கலாம். கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும்.

இந்த இதழ்கள் நமக்குச் சொல்லாமல் விடுவது வரி விஷயம். அவர்களுடைய வாசகர்கள் உள்ளூர்க்காரர்கள், அதனால் எழுதுவதில்லை. அமெரிக்கப் பதிப்பகம் இந்தியாவில் இருப்பவருக்கு ராயல்டி கொடுக்கும்போது 30 சதவீதம் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டவருக்கான டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைப் போட்டு, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டுப் பதிப்பகத்திடம் கொடுத்தால் அது 15 ஆகக் குறையும். முதல் பணம் வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பிடித்த பிறகு திரும்ப வாங்குவது பெரிய அலைச்சல்.