நானூறு தேடுசொற்கள், நான்கே எண்கள்

மதுரையில் எங்களுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. சென்ற ஆண்டு இணையதளம் தொடங்கியபோது, கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் வந்தார். கீவேர்டு ஆய்வுக்கு, அதாவது மக்கள் கூகுளில் என்னென்ன சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்துத் தருவதற்கு மட்டும், 18,000 ரூபாய். "மாதச் சந்தா கட்டி வைத்திருக்கும் வெளிநாட்டுக் கருவிகளில் எடுத்துத் தருகிறேன் அண்ணே" என்றார். கொடுத்துவிட்டேன். சாயப்பட்டறையில் சேலைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பவன், இவரிடம் பேரம்கூடப் பேசவில்லை.

பத்து நாள் கழித்து ஓர் எக்செல் கோப்பு வந்தது. நானூறு வரிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே மாதத் தேடல் எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் "போட்டி: குறைவு" என்று பச்சை நிறக் கட்டம். அந்தப் பச்சையைப் பார்த்தே மயங்கினேன். அதை நம்பி மூன்று மாதம் உட்கார்ந்து ஒன்பது பக்கங்கள் எழுதினோம். ஒன்றுக்கும் ஆள் வரவில்லை.

தீபாவளிக்கு வந்த அக்கா மகளுக்கு இணைய விளம்பரத் துறையில் வேலை. கோப்பைத் திறந்து கீழே இறக்கிக்கொண்டே போனவள், "மாமா, எண்களை மட்டும் பாருங்கள்" என்றாள். 50, 500, 5000, 50000. நானூறு வரிகளிலும் இந்த நான்கைத் தவிர வேறு எண்ணே இல்லை! இத்தனை நாள் இது என் கண்ணில் படவில்லை.

கூகுள் விளம்பரக் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் கீவேர்டு பிளானர் என்ற கருவியில் எடுத்த கோப்பு இது. விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குகளுக்கு அது துல்லியமான எண்ணைக் காட்டாது; 1,000 முதல் 10,000 வரை என்று வீச்சாகத்தான் காட்டும். பதிவிறக்கினால் அந்த வீச்சு 5000 என்று ஒற்றை எண்ணாக விழும். ஆயிரம் பேர் தேடினாலும் ஒன்பதாயிரம் பேர் தேடினாலும் அதே 5000தான். "போட்டி" என்பதும் அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுப்பவர்களுக்குள் நடக்கும் போட்டி. தேடல் முடிவில் முன்னுக்கு வருவது எளிதா கடினமா என்பதை அது சொல்வதே இல்லை. போதாக்குறைக்கு இடம் இந்தியா முழுவதும், மொழி ஆங்கிலம். தமிழ் எழுத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

தளத்தின் மெட்டா கீவேர்டு பகுதியில், அதாவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலுக்குள் சொற்களை எழுதிவைக்கும் இடத்தில், இருநூறு சொற்களைத் திணித்ததற்குத் தனியாக 4,000 வாங்கியிருந்தார். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கூகுள் கொடுத்த தகவல்தானே அண்ணே, பொய்யில்லையே" என்றார். தகவல் பொய்யில்லைதான். சந்தா கட்டிய கருவி என்றாரே, அது?

இப்போது நாங்கள் பார்ப்பது கூகுள் சர்ச் கன்சோல். அதுவும் இலவசம். நம் தளம் எந்தத் தேடலில் எல்லாம் தலைகாட்டியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பதினாறு மாதக் கணக்கு அதில் இருக்கிறது. "சுங்குடி சேலை சாயம் போகுமா" என்று அதில் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. கல்லாவில் தினமும் காதில் விழும் கேள்வி அது. அதைப் பற்றி ஒரு பக்கம்கூட நாங்கள் எழுதியிருக்கவில்லை.

இப்படி ஆய்வு செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், எந்தக் கருவி, எந்த ஊர், எந்த மொழி என்று முன்பணத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். மாதிரிக்கு இருபது வரி கேளுங்கள்.

சென்ற வாரம் அவரே வாட்ஸ்அப்பில் வந்தார். இரண்டாம் கட்ட ஆய்வாம், 25,000 ரூபாயாம், மாதிரியும் இணைத்திருந்தார். திறந்தேன். முதல் வரியில் 5000.