ஃபயர்வால்னு சுவிட்ச் டப்பாவை மாட்டிட்டுப் போனாங்க, 38,500 ரூபாய் போச்சு

நேத்து பொழுதோட எழுத உக்காந்தேன், ஆத்திரத்துல வார்த்தை வரலை. இன்னிக்கு எழுதிடறேன். கடை பேரு போடலைங்க. பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, நெட்வொர்க்னு பண்ணித் தர்ற கடை, திருப்பூர்ல தெருவுக்கு ரெண்டு இருக்குமே, அந்த மாதிரி ஒண்ணு.

பல்லடம் ரோட்டுப் பக்கம் 22 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தையல் ஓட்டறனுங்க. கணக்கு பாக்கற புள்ளை பிரசவத்துக்குக் காங்கயம் போயிட்டு, "கொழந்தைய விட்டுட்டு வர முடியாதுங்கண்ணா, ஊட்ல இருந்தே டேலி போடறனுங்க"ன்னு கேட்டுச்சு. கை சுத்தமான புள்ளை, விட மனசில்லை. அதுக்குத்தான் அந்தக் கடையைக் கூப்பிட்டேன். ரிமோட் வசதி, விபிஎன் (வெளிய இருந்து ஆபீஸ் நெட்டுக்குள்ள வர்றதுக்குப் பூட்டுப் போட்ட தனி வழி), ஃபயர்வால் (வேண்டாதவன் நெட் வழியா உள்ள வராமத் தடுக்கறது), ஒரு வருச சர்வீஸ், எல்லாஞ் சேத்து 38,500. பில்லுல அப்படியே அச்சாயிருக்கு.

வந்த பையன் மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டான். என்ற போனை வாங்கி, வைஃபையை நிறுத்திட்டு, சிம் நெட்லயே ஆபீஸ் டேலியைத் தொறந்து காட்டுனான். மார்ச் மாசப் பேரேடு என்ற உள்ளங்கையில நிக்குது. "இனி பழனி மலை மேல நின்னுட்டே பில் போடலாங்கண்ணா"ன்னான். அங்கதான் உளுந்தேன். மூலையில பச்சை லைட் மினுக்கற டப்பா ஒண்ணை மாட்டி, "இதான் ஃபயர்வால், இதைத் தாண்டி ஒருத்தனும் வர முடியாதுங்"ன்னான். சோறு வாங்கிக் குடுத்து, பெட்ரோலுக்கு 200 தனியாக் குடுத்தனுப்பிச்சேன். 38,500 போனது ஒரு பக்கம், அந்த 200தான் இன்னும் எரியுது.

இந்த மாசம் 17ஆம் தேதி காலைல டேலியைத் தொறந்தா எங்க கம்பெனிக் கணக்கே காணோம். ஃபோல்டர்ல ஒவ்வொரு ஃபைல் பேருக்கும் பொறத்தால புரியாத எழுத்துல ஒரு வால். டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் சீட்டு: காசு கட்டுனா சாவி தர்றோம்னு. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி, மாசா மாசம் போடற வரிக் கணக்கு, போட்டாகோணும். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை எந்நேரமும் சொருகியே வெச்சிருந்ததால அதையும் பூட்டிட்டானுக.

கடைக்குப் போன் போட்டா, மொத நாள் "பையன் லீவுங்க." ரெண்டாம் நாள் "ஊர்ல நோம்பிங்க, திங்கக்கெழமை வர்றோம்." மூணாம் நாள் ஓனரே எடுத்து, "வைரஸ் வந்தா நாங்க என்னங்க பண்றது, உங்க பசங்க எதையாச்சும் அமுக்கியிருப்பாங்க"ன்னுட்டார். அப்பறம் எடுக்கறதே இல்லை.

சரவணம்பட்டில ஐடில இருக்கற அக்கா பையனை வரச்சொன்னேன். பாத்துட்டுத் தலைல அடிச்சுக்கிட்டான். விபிஎன்னே போடலை. விண்டோஸ்லயே ஆர்டிபின்னு ஒண்ணு இருக்குது, இந்தக் கம்ப்யூட்டர் திரையை தூரத்துல இருந்து பாத்து வேலை செய்யறதுக்கு. அது 3389ங்கற போர்ட்ல, அதாவது நெட் வந்து போற வாசல் நம்பர்ல, காத்துட்டிருக்கும். ரவுட்டர்ல அந்த போர்ட்டை நேரா இன்டர்நெட்டுக்குத் தொறந்து உட்டுட்டுப் போயிருக்கான். ஆர்டிபி மேல குத்தமில்லையாம், போற வர்ற சேதியை என்கிரிப்ட் பண்ணி, மத்தவனுக்குப் புரியாத மாதிரி மாத்தித்தான் அனுப்புமாம். "விபிஎன்னுக்குள்ள வெச்சிருந்தா, மொதல்ல அதைத் தாண்டித்தான் இந்தக் கதவையே பாக்க முடியும் மாமா. இது கதவை ரோட்டைப் பாத்து வெச்ச கணக்கு"ன்னான். பாஸ்வேர்டு என்னன்னு கேக்கறீங்களா? கடை பேரும் 123ம்.

விண்டோஸ்ல நடந்ததெல்லாம் பதிவாகற ஈவென்ட் வியூவரைத் தொறந்து காட்டுனான். 4625, 4625னு வரி வரியா ஓடுது, அத்தனையும் தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பாத்தது. நடுராத்திரி ரெண்டு மணி, மூணு மணி. அட்மின், டெஸ்ட், யூசர், டேலின்னு வாய்க்கு வந்த பேரெல்லாம் போட்டுப் பாத்திருக்கானுக. நாங்க தூங்கீட்டிருக்கறப்ப ஆபீஸ் கதவை ஆட்டீட்டே இருந்திருக்கானுக.

ரவுட்டர்ல டெல்நெட்டும், தூரத்துல இருந்து கட்டளை அடிக்கற பழைய வழி அது, 23ங்கற போர்ட்ல தொறந்தே கெடந்துச்சு. அதுல அடிக்கற பாஸ்வேர்டு மூடாம அப்படியே போகுமாம். பாஸ்வேர்டு திருட்டைத் தடுக்கத்தான் 1995லயே ஒரு பின்லாந்துக்காரர் அதுக்குப் பதிலா எஸ்எஸ்எச்னு பூட்டுப் போட்ட வழி ஒண்ணை எழுதிட்டாராம். நம்ம கடைக்காரருக்குச் சேதி இன்னும் வந்து சேரலை போல!

அந்தப் பச்சை லைட் டப்பா எட்டு வயரைச் சேக்கற சாதா சுவிட்ச்சுங்க. 38,500க்கு!

காசை நேர்ல கேக்கப் போனேன். கல்லாவுல இருந்த புள்ளை "சார் சைட்ல இருக்கார்"னுச்சு. சாரோட கார் வாசல்ல நிக்குது.

என்ன பண்ணோணும்னு விவரமா எழுதறேன்னு குரூப்ல சொல்லியிருந்தேன், இப்ப நேரமில்லை. ரவுட்டர்ல 3389, 23 வெளிய தொறந்திருக்கான்னு இன்னிக்கே வேற ஆளை வெச்சுப் பாருங்க. விபிஎன் போட்டுட்டேன்னு கடைக்காரன் சொன்னா, அதை நிறுத்திட்டு, ஆபீஸ் வைஃபை இல்லாம சிம் நெட்ல ரிமோட் வருதான்னு பாருங்க. வந்தா உங்களையும் ஏமாத்தியாச்சு. ஃபயர்வால் டப்பாவோட அடில மாடல் நம்பர் இருக்கும், அதைத் தேடிப் பாத்துட்டுக் காசு குடுங்க. பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழட்டிருங்க. மாட்டிக்கிட்டா சைபர் குற்றப் புகார் நம்பர் 1930க்குக் கூப்பிடுங்க, நான் புகார் குடுத்திருக்கேன்.

மீதியைப் பொறவு பாக்கலாம். ஏப்ரல்ல இருந்து பில்லு பூராம் கையில அடிக்கோணும், காங்கயத்துல இருந்து அந்தப் புள்ளை கொழந்தையையும் தூக்கிட்டு வந்து உக்காந்திருக்குது.