பிஜி_அப்கிரேட்: போஸ்ட்கிரெஸ் 12இலிருந்து 17க்கு மாற முன் ஒரு மதிப்பீடு

பின்னறையில் ஒரு உபுண்டு 20.04 பெட்டி, அதற்குள் போஸ்ட்கிரெஸ் 12 என்ற தரவுத்தளம், அதன்மேல் ஓடூ என்ற வியாபார மென்பொருள் அல்லது உள்ளூரில் எழுதிய பில்லிங் மென்பொருள். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையோ திருநெல்வேலி மருந்துக்கடையோ, இப்படி ஒரு சேர்வரை நம்பி வியாபாரம் நடத்துபவர்களை மனதில் வைத்தே பிஜி_அப்கிரேட் என்ற பதிப்பு மாற்றும் கருவியை மதிப்பிடுகிறோம். 12க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 நவம்பரோடு நின்றுவிட்டன. உபுண்டு 20.04இன் வழமையான ஆதரவும் 2025 மே மாதம் முடிந்தது. 17க்கு 2029 நவம்பர் வரை திருத்தம் வரும். ஆகவே மாறத்தான் வேண்டும்.

பிஜி_அப்கிரேட் போஸ்ட்கிரெஸ்ஸோடு இலவசமாக வருவது. இடையிலுள்ள பதிப்புகளில் ஏறி இறங்காமல் 12இலிருந்து நேரே 17க்குப் போகலாம். இதில் எங்களுக்கு மிகப் பிடித்தது ‘செக்’ தெரிவு. பழைய சேர்வர் ஓடிக்கொண்டிருக்க, கடை திறந்திருக்க, பகலிலேயே ஓட்டிப் பார்க்கலாம். தரவில் கை வைக்காது. பிழை இருந்தால் புதிய தரவுக் கோப்புறைக்குள் ‘பிஜி_அப்கிரேட்_அவுட்புட்.டி’ என்ற இடத்தில் விபரத்தை எழுதி வைக்கும். பெரும்பாலும் சிக்குவது எக்ஸ்டென்ஷன் எனப்படும் கூடுதல் செருகிதான். 12க்கு வரைபடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் போட்டிருந்து 17க்குரிய பொதியைப் போடாமல் விட்டால் ‘லோடபிள்_லைப்ரரிஸ்’ கோப்பில் அதன் பெயர் நிற்கும். பொதியைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டினால் சரி. இன்னொன்று: இரண்டு பதிப்புகளின் பைனரிகளும் (இயங்கு கோப்புகளும்) ஒரே இயந்திரத்தில் இருக்க வேண்டும். உபுண்டுவை மாற்றும்போது ‘ஓட்டோரிமூவ்’ கொடுத்து 12ஐத் துடைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு கெட்டிக்காரக் கருவி பார்க்காத ஒரு விடயம் இருக்கிறது. அது தமிழில் பெயர் சேமிக்கும் எங்களுக்குத்தான் கூடுதலாக இடிக்கும்: எழுத்துகளின் வரிசை.

போஸ்ட்கிரெஸ் வழமையாக இயங்குதளத்தின் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்திடம் கேட்டே எழுத்துகளை வரிசைப்படுத்துகிறது. ஜிலிப்சி 2.28இல் வரிசை விதிகள் பெருமளவு மாறின. உபுண்டு 18.04இல் இருந்தது 2.27, 20.04இல் 2.31. 18.04 காலத்துத் தரவுக் கோப்புறையை அப்படியே 20.04க்குக் கொண்டுவந்தவர்களின் பெயர் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். தேடுவதோ புதிய வரிசையில். பிஜி_அப்கிரேட் இண்டெக்ஸ் கோப்புகளைத் திறந்து பார்ப்பதில்லை, இருந்தபடியே தூக்கி வைக்கிறது. எனவே பழுது 17க்கும் வந்துசேரும்.

காசாளரின் மேசையில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். ‘றஞ்சினி’ என்று தேடினால் ஆள் இல்லை என்கிறது. முழுப் பட்டியலை இறக்கினால் இருக்கிறார். ஆள் இல்லையென்று நம்பிப் புதுப் பதிவு போட்டால், இரட்டைப் பதிவைத் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடு இருந்தும் தடுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு இண்டெக்ஸைத் திரும்பக் கட்ட ரீஇண்டெக்ஸ் கொடுக்கும்போதுதான் இரட்டைப் பதிவு இருப்பதால் யுனிக் இண்டெக்ஸ் கட்ட முடியாது என்று நிற்கும். அந்த நேரத்தில் எந்தப் பதிவு உண்மையானது, எதன்மேல் கடன் கணக்கு ஏறியிருக்கிறது என்று கையால் பிரிக்க வேண்டும். அதனால் மாறுவதற்கு முன்பே ‘ஆம்செக்’ எக்ஸ்டென்ஷனைப் போட்டு எழுத்து இண்டெக்ஸ்களைச் சோதியுங்கள். பழுதானவற்றுக்கு ‘ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி’ போதும். 12இலேயே அது உண்டு, கடையை மூடத் தேவையில்லை. இயங்குதளத்தை மறுபடி மாற்றினால் மறுபடியும் செய்யுங்கள்.

சில பத்து ஜிபிக்குள் அடங்கும் தரவு என்றால், எங்கள் சிபாரிசு பிஜி_அப்கிரேட் அல்ல, டம்ப் எடுத்து (தரவு முழுவதையும் கோப்பாக இறக்கி) மீள ஏற்றுவது. இண்டெக்ஸ் எல்லாம் புதிதாகக் கட்டப்படும். கூடவே 17இல் அறிமுகமான ‘பில்ட்இன்’ முறையின் (இயங்குதளத்தைக் கேட்காமல் போஸ்ட்கிரெஸ் தானே வரிசைப்படுத்துவது) சி.யுடிஎஃப்-8 லொக்கேலில் தரவுத்தளத்தை உருவாக்கலாம். அதன் பிறகு ஜிலிப்சி மாறினாலும் இண்டெக்ஸ் குலையாது. இழப்பு ஒன்று உண்டு. அந்த வரிசை யூனிகோட் இலக்கத்தைப் பார்ப்பது. அதில் ‘ர’வுக்கு அடுத்தது ‘ற’, ‘ந’வுக்கு அடுத்தது ‘ன’. நெடுங்கணக்கில் ‘ற’வும் ‘ன’வும் கடைசியில் வருபவை. பெயர்ப் பட்டியல் அச்சிடும் இடத்தில் மட்டும் வரிசைப்படுத்தும் கட்டளையில் ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ கொலேஷனை (வரிசை விதியை) சேர்த்துவிட்டால் தமிழ் வரிசை கிடைக்கும். டம்பை 17இன் பிஜி_டம்ப் கொண்டே எடுங்கள், 12இனுடையதால் அல்ல. பயனர்களும் கடவுச்சொற்களும் பிஜி_டம்ப்பில் வராது. அவற்றுக்கு பிஜி_டம்ப்ஓலை ‘குளோபல்ஸ்-ஒன்லி’ தெரிவோடு தனியே ஓட்டுங்கள்.

பெரிய தரவுள்ளவர்களுக்கு பிஜி_அப்கிரேட்தான். அதில் நகல் முறைக்குத் தரவின் அளவுக்கு இன்னொரு மடங்கு வட்டு இடம் வேண்டும். நகலெடுக்காமல் பழைய கோப்புகளையே இணைத்துக்கொள்ளும் ‘லிங்க்’ முறைக்கு இடமும் தேவையில்லை, நேரமும் மிகக் குறைவு. ‘குளோன்’ முறை எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் ஓடும். உபுண்டு வழமையாகப் போடும் எக்ஸ்ட்4இல் ஓடாது.

கரண்ட் நிற்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். நகல் முறையில் இடையில் மின் நின்றால் பழைய தரவு அப்படியே இருக்கும்; புதியதை அழித்து முதலிலிருந்து தொடங்கலாம். லிங்க் முறையில் இணைப்பு தொடங்கும்போது பழைய கோப்புறையின் ‘பிஜி_கண்ட்ரோல்’ கோப்புக்கு ‘.ஓல்ட்’ என்ற வால் சேர்க்கப்படும். புதிய சேர்வரை இன்னும் தொடக்கவில்லையென்றால் அந்த வாலை நீக்கிப் பழையதையே எழுப்பலாம். ஒரு முறை புதியதைத் தொடக்கிவிட்டால் அந்த வழி அடைபட்டது. பக்கப்பிரதி ஒன்றே கதி. யூபிஎஸ் மின்கலத்தின் நிலையை முதல் நாளே பாருங்கள். பக்கப்பிரதியை வேறொரு வட்டில் வையுங்கள். அதை இன்னொரு இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்காமல் லிங்க் முறையில் கை வைக்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் இந்த அலுவலே வேண்டாம்.

உபுண்டுவில் பிஜி_அப்கிரேட்டைச் சுற்றி ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்’ என்ற உறை இருக்கிறது. அமைப்புக் கோப்புகளையும் அதுவே கொண்டுபோகும், புதியதை 5432 போர்ட்டுக்கு மாற்றியும் வைக்கும். வெறும் பிஜி_அப்கிரேட் இவற்றைச் செய்யாது. ஆனால் 17ஐ நிறுவியவுடன் 5433இல் வெறுமையான ‘மெயின்’ கிளஸ்டர் (தரவுத்தளத் தொகுதி) ஒன்று தானாக உருவாகும். அதை ‘பிஜி_டிராப்கிளஸ்டர்’ கொண்டு அகற்றினால்தான் உறை வேலை செய்யும். அந்தக் கட்டளை ‘நிச்சயமா?’ என்று கேட்காது. 17 என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்டாப்’ தெரிவோடு 12 என்று அடித்தால் கடையின் முழுத் தரவும் போய்விடும். முதலில் ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ ஓட்டி எந்த இலக்கம் எந்தப் போர்ட்டில் என்று திரையில் வைத்துக்கொண்டே அடியுங்கள். இந்த ஓரிடத்துக்காகவே உறைக்கு ஒரு புள்ளி குறைக்கிறோம்.

கடவுச்சொல்: போஸ்ட்கிரெஸ் 14இலிருந்து கடவுச்சொல்லைச் சேமிக்க ஸ்க்ராம் முறையே இயல்பு. பழைய எம்டி5 முறைக் கடவுச்சொற்கள் அப்படியே வரும். ஆனால் உள்நுழைவு விதிகள் இருக்கும் புதிய ‘பிஜி_எச்பிஏ’ கோப்பில் ஸ்க்ராம் என்று மட்டும் எழுதியிருந்தால் உள்நுழைய விடாது. கடவுச்சொல்லைத் திரும்ப வைத்தால் தீரும். பில்லிங் கணினிகளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவர் மிகப் பழையது என்றால் அதையும் மாற்ற வேண்டிவரும்.

மாறிய மறுநாள் காலை ‘முந்தியதைவிட மெதுவாக ஓடுகிறது’ என்று ரெலிபோன் வந்தால் காரணம், தேடலைத் திட்டமிட போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் புள்ளிவிபரங்கள். 17க்கு மாறும்போது பிஜி_அப்கிரேட் அவற்றைக் கொண்டுவராது. ‘வாக்யூம்டிபி’யை ‘அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ்’ தெரிவோடு ஓட்டிய பிறகே கடைக்கதவைத் திறவுங்கள். 18இல் பெரும்பாலான புள்ளிவிபரங்கள் கூடவே வரும். ஆனால் அங்கே செக்சம் (தரவுப் பழுதைக் கண்டுபிடிக்கும் சோதனை எண்) இயல்பாக இயங்கும் நிலையில் இருப்பதால், செக்சம் இல்லாத பழைய கிளஸ்டரை ஏற்க மறுக்கும். பழைய சேர்வரை ஒழுங்காக நிறுத்தி ‘பிஜி_செக்சம்ஸ்’ கொண்டு இயக்குங்கள், அல்லது புதியதைச் செக்சம் இல்லாமல் உருவாக்குங்கள். நேரம் இருந்தால் முதல் வழியே நல்லது.