எரியும் பாதத்துக்கு எது: பி12ஆ, ஆல்ஃபா லிபோயிக் அமிலமா?

போர்வை நுனி பட்டாலே பாதம் தீயாய் எரிகிறவருக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. என் ஓட்டு முதலில் வைட்டமின் பி12க்குத்தான், அதுவும் ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைப் பேண அது வேண்டும். நீண்ட காலம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும், இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கும் அது குறையக்கூடும். குறைபாடே இல்லாதவர் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஆன்டிஆக்சிடன்ட் வகைச் சத்துப்பொருளான ஆல்ஃபா லிபோயிக் அமிலம் பெரும்பாலும் நீரிழிவு நரம்புப் பாதிப்புக்காக ஆராயப்பட்டது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம். சிரை வழியே ஏற்றியபோது கண்ட பலன் மாத்திரையில் அவ்வளவு உறுதியாகவில்லை. குமட்டலாம், சர்க்கரையும் இறங்கலாம்; இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

பி12 வாங்கும்போது அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். கூடவே பி6 அதிகம் சேர்ந்திருந்தால், நாளடைவில் அதுவே நரம்பைக் கெடுத்து எரிச்சலைக் கூட்டிவிடும்.