என்.ஏ.பி.எச் பயிற்சிக்கு ஆள் கூப்பிடும் முன்: கும்பகோணத்திலிருந்து ஒரு மதிப்புரை

கும்பகோணத்தில் 60 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் இன்சார்ஜாக இருக்கிறேன். மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச் வாரியத்தின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஊழியர்களைத் தயார்செய்ய, திருச்சியிலிருந்து ஒரு பயிற்சிக் குழுவை எங்கள் நிர்வாகம் வரவழைத்தது. இதே வேலையில் இறங்கப்போகிற டெல்டா மருத்துவமனைகளுக்குச் சொல்கிறேன்: வார்டுப் பயிற்சிக்கு இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம். ஃபைல் வேலையை மட்டும் இவர்களிடம் விடாதீர்கள்.

வகுப்பு முழுக்க வார்டிலேயே, தமிழில் நடந்தது. கை சுத்தம் பற்றிய பாடத்தன்று ஆயாக்களையும் வார்டு பாய்களையும்தான் முன்னால் நிறுத்தினார்கள். வெள்ளைக் கையுறை மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் நீலப் பெயின்ட்டை ஊற்றி, "தினம் எப்படித் தேய்ப்பீங்களோ அப்படியே தேய்ங்கக்கா" என்றார் பயிற்சி தந்த மேடம். கண்ணைத் திறந்தால் உள்ளங்கை முழுக்க நீலம். பெருவிரல், விரல் நுனி, புறங்கை எல்லாம் அப்படியே வெள்ளை. எங்கள் மூத்த ஆயா இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையாலதானே மேடம் பச்சப் புள்ளயத் தூக்குறோம்" என்றார். கையில் தேய்க்கும் கிருமிநாசினியான ஹேண்ட் ரப்பை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் போஸ்டர் எங்கள் சுவரில் ரொம்ப நாளாக இருக்கிறது. அது ஏன் என்று எல்லோருக்கும் புரிந்தது அன்றைக்குத்தான்.

சுவாமிமலை பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஆண்கள் வார்டில் எப்போதும் ஒரு சாமிநாதன் இருப்பார், சில நாள் இரண்டு பேர். நோயாளியை "எட்டாம் பெட்" என்று சொல்லும் பழக்கத்தை இவர்கள் விடாப்பிடியாக நிறுத்தினார்கள். "நீங்கதானே சாமிநாதன்?" என்று கேட்டால் அரை மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னங்கய்யா?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லவைத்து, கைப்பட்டையில் உள்ள எண்ணையும் கேஸ் ஷீட்டையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் ஊசி. பொட்டாசியம் குளோரைடு ஆம்புல்களையும் வார்டு அலமாரியிலிருந்து அன்றே எடுக்கவைத்தார்கள். நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றிவிட்டால் இதயமே நின்றுபோகும் மருந்து அது. இதற்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

தீ ஒத்திகையும் நன்றாக இருந்தது. 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கப் படிக்கட்டில் போட்டு வைத்திருந்த உடைந்த கட்டில்களை முழுக்க அகற்றிய பிறகுதான் ஒத்திகையையே ஆரம்பித்தார்கள். தீயணைப்பு சிலிண்டரின் பின்னை உருவுவது, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைப்பது எல்லாவற்றையும் செக்யூரிட்டி அண்ணன் வரைக்கும் தன் கையாலேயே செய்து பார்த்தார்.

இனி குறை. இவர்கள் தந்த கொள்கை ஃபைல்கள் ஏதோ பெருநகர மருத்துவமனைக்கு எழுதியவை. எங்களுக்காக மாற்றியது முகப்புப் பெயரை மட்டும்தான். பேரிடர்த் திட்டத்தில் நிலநடுக்கத்துக்கு நாலு பக்கம். வெள்ளத்துக்கு ஒரு வரி கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து டெல்டாவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஜெனரேட்டர் டீசல் எத்தனை நேரம் தாங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் தரைத்தள மருந்து ஸ்டோரை எங்கே மாற்றுவது, நடவு அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி முறிமருந்து இருப்பை யார் பார்ப்பது, இதெல்லாம்தான் எங்கள் திட்டம். நானும் ஃபார்மசிஸ்ட்டும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். என்.ஏ.பி.எச் சார்பில் சோதிக்க வரும் அசெசர் ஃபைலைப் படித்துவிட்டு நேரே வார்டுக்கு வந்து நர்ஸையும் ஆயாவையும் கேட்பார். எழுதியிருப்பது ஒன்று, நடப்பது வேறு என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, இரவு டூட்டிக்காரர்களுக்கு வகுப்பே நடக்கவில்லை. காலையில் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு உட்கார்ந்த பிள்ளைகளிடம் என்ன நிற்கும்? ராத்திரி இரண்டு மணிக்கு வார்டைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். பேசி முடிக்கும்போதே இரவு வகுப்பு உண்டா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 50 படுக்கைக்குள் இருக்கும் சிறிய மருத்துவமனைகளுக்குத் தரநிலைப் புத்தகமே தனி. உங்களுக்கு எது என்று பார்த்துவிட்டுக் கட்டணம் பேசுங்கள்.