பங்கு இளையோருக்கு ட்ரொலி ஸ்பீக்கர் வாங்கலாமா?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடைவாசலில் அடுக்கி வைத்திருப்பார்களே, சக்கரமும் பற்றரியும் உள்ள 12 அங்குல ட்ரொலி ஸ்பீக்கர், வயரில்லாத மைக் இரண்டோடு வருவது, அதைத்தான் எங்கள் பங்குக் கோவிலின் இளையோர் ஒன்றியத்துக்கு வாங்கினோம். நாற்பதாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. ஞாயிறு பூசை முடிய வாசலில் ரோல்ஸும் பற்றிஸும் விற்றுச் சேர்த்த காசு, அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் கரோலுக்கும் சிலுவைப் பாதைக்கும் சவுண்ட் வாடகைக்கு எடுப்போம். 2022 மின்வெட்டில், ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தபோதுதான், பற்றரியில் ஓடும் ஒன்று சொந்தமாக வேண்டும் என்ற பேச்சே வந்தது.

முதலில் பெட்டியில் போட்டிருக்கும் 3000 வாட்ஸை நம்பாதீர்கள். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் (Ah) பற்றரி. பெருக்கிப் பாருங்கள், 84 வாட்-அவர் (Wh), அதாவது 84 வாட்ஸில் ஒரு மணி நேரம் ஓடும் அளவு. உண்மையிலேயே 3000 வாட்ஸில் ஓடினால் இரண்டு நிமிடத்தில் செத்துவிடும். ஆனால் ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கும் ஹோலுக்கும் தெருவில் போகும் ஜெபமாலைப் பவனிக்கும் சத்தம் தாராளம்.

பிரச்சினை பேச்சில்தான். இது பார்ட்டிக்குச் செய்த சாமான், பேஸ் அடிக்கும், பாட்டுக்கு ஜோர். எங்கள் வேலையோ ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) டியூஷனில் காலை முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஃபாதர் கோபிப்பாரே என்று வந்து பின்வரிசையில் சாய்ந்து கிடக்கும் பிள்ளையின் காதில் நாலு வார்த்தை விழவைப்பது. வாங்கி வந்தபடியே போட்டால் வாசகம் கிணற்றுக்குள் இருந்து வாசிப்பது போல இருக்கும். எக்கோ குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள், பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பெட்டியைப் பேசுபவருக்கு முன்னால் தள்ளி வையுங்கள். மைக்கின் தலையைப் பொத்திப் பிடிக்க வேண்டாம் என்று பையன்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் பொத்தித்தான் பிடிப்பார்கள், அது ஊளையிடும், எல்லோரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜெபம் பாதி முடிந்திருக்கும்.

மைக் இரண்டு இருப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள், தமிழில் வாசிக்கச் சொன்னால் கூச்சம். ஒரு மைக் தமிழுக்கு, மற்றது சிங்களத்துக்கு என்று கொடுத்து மாறி மாறி அருள்நிறை மரியே சொல்ல வைத்தோம். வாய் திறக்காத ஒரு தங்கச்சி இப்போது சிங்கள மைக்கை யாருக்கும் விடுவதில்லை.

புளூடூத்தை மட்டும் மன்னிக்க முடியாது. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு பெண் குரல் முழுச் சத்தத்தில் ‘புளூடூத் மோட்’ என்று கத்தும், அதை நிறுத்த வழியே இல்லை, பெரிய வெள்ளிக்கும் அதே கத்தல்தான். பாஸ்வேர்டும் கேட்காது. ஒரு தியானத்தில் எல்லோரும் கண்ணை மூடி இருக்கும்போது யாருடைய ஃபோனோ இணைந்து டிக்டொக் பாட்டு ஒன்று முழங்கியது. யாரென்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டால் அவன் அடுத்த வாரம் வரமாட்டான். இப்போது வயர் போட்டுத்தான் பாட்டு.

சக்கரம் வெறும் பேருக்கு. ஜம்பட்டா வீதி நடைபாதையில் இழுத்த முதல் தடவையே ஒன்று விரிசல் விட்டது. 15 கிலோ இருக்கும், இரண்டு பேர் தூக்குவதே மேல். அப்புறம், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இவ்வளவு பெரிய கறுப்புப் பெட்டியோடு எந்தக் கோவில் வாசலுக்குப் போனாலும் நிறுத்திச் சோதிக்கலாம், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. வேறு பங்குக்குக் கொண்டுபோவதென்றால் அங்குள்ள ஃபாதருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெருவில் ஒலிபெருக்கி போடப் பொலிஸ் அனுமதியும் வேண்டும், பெட்டி சின்னதுதானே என்று விடாதீர்கள்.

உத்தரவாதத் துண்டில் பற்றரியும் மைக்கும் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது, கடைக்காரர் வாயால் சொல்லவில்லை. அதுதான் பிறகு வலித்தது. இந்த ஈயப் பற்றரியைச் சார்ஜ் இறங்கியபடி மாதக்கணக்கில் போட்டால் கெட்டுவிடும். எங்களிடம் நடந்ததும் அதுவே. உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் பாடகர் குழாமின் வாங்குக்குக் கீழே தள்ளி வைத்தது, தலைவருக்குப் பரீட்சை, செயலாளர் வேலைக்கு டுபாய் போய்விட்டார், புதிய குழுவிடம் யாரும் சொல்லவில்லை. ஓகஸ்டில் மடு மாதா கோவிலுக்குப் போக எடுத்தால் பத்து நிமிடம்கூடப் பாடவில்லை. வருடா வருடம் ஆள் மாறுகிற ஒன்றியத்துக்கு, சாமானை விட அதை மாதம் ஒருமுறை சார்ஜில் போடும் ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். கடைசியில் கோவில் மணி அடிக்கும் அண்ணனிடம் ஒப்படைத்தோம், அவர் மறப்பதே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பற்றரி போனால் வாங்கிய கடைக்கே ஓட வேண்டாம். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் போடும் அதே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பற்றரிதான் எங்களுடையதற்குச் சரியாகப் பொருந்தியது, வாங்கும் முன் அளவையும் முனையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.